தம்பியின் வாரக் கடிதம்

அன்புள்ள ஐயா,

பாறசாலையிலிருந்து எழுதுகிறேன். என் தம்பிக்கு இருபது வயது. எங்கள் சபையின் மிஷன் வழியாக இரண்டு வருட ஊழியத்துக்குப் பிலிப்பைன்ஸ் போயிருக்கிறான். வாரம் ஒருமுறை வாட்ஸாப்பில் நீளமாக எழுதுவான். போன வாரக் கதை இது: திங்கள், கையால் துணி துவைத்தான், சந்தையில் மீன் வாங்கினான். செவ்வாய், நாலு வீட்டுக்குப் போனான், யாரும் கதவைத் திறக்கவில்லை. புதன், ஒரு பாட்டிக்குக் கொப்பரை போடத் தேங்காய் உரித்துக் கொடுத்தான். வியாழன் வயிற்றுப்போக்கு, படுத்தே கிடந்தான். வெள்ளி, செபுவானோ மொழி வகுப்பு. சனி, பிள்ளைகளுக்கு ஆங்கிலம். ஞாயிறு ஆராதனை.

வாசித்துக் காட்டியதும் அப்பா, "தேங்காய் உரிக்கவா கடல் கடந்து போனான்? நம்ம விளையில உரிக்க ஆளில்லை" என்றார். அவன் போனபிறகு அப்பா தனியாகத்தான் ரப்பர் மரங்களில் பால் வெட்டுகிறார். எனக்கும் பதில் தெரியவில்லை. இதெல்லாம் ஊழியமா ஐயா?

எஸ்., பாறசாலை

அன்புள்ள எஸ்.,

உங்கள் அப்பா கேட்டதில் நியாயம் இருக்கிறது. விடியும் முன்பே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தனியாக மரம் மரமாகப் போகிற மனிதரிடம், "பிள்ளை கர்த்தருடைய வேலைக்குப் போயிருக்கிறான், சந்தோஷப்படுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போவது எனக்குப் பிடிப்பதில்லை. ஒருவன் ஊழியத்துக்குப் போனால், அவன் விட்டுப்போன வேலையை வீட்டில் வேறொருவர் செய்கிறார். இரண்டையும் ஒரே கணக்கில்தான் எழுத வேண்டும். இதை அப்பாவிடம் தம்பியே தன் வாயால் சொன்னால் நல்லது.

இனி தேங்காய்க்கு வருகிறேன். மார்த்தாண்டம் உங்களுக்குப் பக்கம்தான். அங்கே தேன் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் சார்பில் அங்கே கிராம மையம் நடத்தினார். கோழி வளர்ப்பு, முட்டை விற்பனை, தேனீ வளர்ப்பு இவைதான் அந்த மையத்தின் அன்றாடம். அதுவரை நம் ஆட்கள் பொந்தில் கிடைத்த கூட்டைப் பிய்த்து, அடையைப் பிழிந்துதான் தேன் எடுத்தார்கள். புழுவும் முட்டையும் சேர்ந்து நசுங்கும், கூட்டம் அழியும். தேனீப் பெட்டி வந்தபிறகு அடை கட்டிய மரச்சட்டத்தை மட்டும் உருவி, சுழற்றும் எந்திரத்தில் வைத்துத் தேனை எடுத்துவிட்டு, அடையைச் சேதமில்லாமல் திரும்ப வைத்துவிடலாம். ஒரு விவசாயியின் கையில் சட்டத்தைக் கொடுத்து, "பயப்படாதே, மெதுவாகத் தூக்கு" என்று சொல்லித் தருகிற வேலை அது. வாரக் கடிதத்தில் எழுதினால் ஒரு வரிதான் வரும். அந்த ஒரு வரியில்தான் இன்று எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கின்றன. ரப்பர் இலையுதிர்ந்து துளிர்க்கும்போது இலைக்காம்பில் தேன் சுரக்கும். அந்தப் பருவத்தில் பெட்டிகளை வண்டியிலேற்றி எல்லை தாண்டி உங்கள் கேரளத்துத் தோட்டங்களுக்கும் கொண்டு போகிறார்கள். 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் வந்து பெட்டி பெட்டியாகக் காலியானபோதும் தொழில் சாகவில்லை. கற்றுக்கொண்ட கைகள் இருந்தன.

நெய்யூரில் வேலை பார்த்த டாக்டர் சாமர்வெல்லையும் நினைத்துக்கொள்ளுங்கள். 1922இல் எவரெஸ்ட் ஏறப் போனவர். பனிச்சரிவில் ஏழு சுமைதூக்கிகள் இறந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். அதன்பின் தெற்கே வந்து நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியின் நோயாளிக் கூட்டத்தைப் பார்த்தார். லண்டன் வேலையை வேண்டாமென்று இங்கே வந்துவிட்டார். 1924இல் மறுபடி எவரெஸ்டில் ஏறக்குறைய 28,000 அடி வரை ஏறினார், திரும்பவும் நெய்யூருக்கே வந்தார். மலையைப் பற்றித்தான் உலகம் பேசுகிறது. நெய்யூரில் அவர் வருடக்கணக்கில் செய்தது வயிற்றுப்புண் அறுவை சிகிச்சை, நாளும் அதே வேலை.

தம்பியின் வாரத்தைப் படித்தபோது மார்மன் சபை இளைஞர்கள் ஞாபகம் வந்தார்கள். ஆண்கள் இரண்டு வருடம், பெண்கள் ஒன்றரை வருடம் வெளியூர் ஊழியத்துக்குப் போவார்கள், எங்கும் இருவராகவே. வாரத்தில் ஒரு நாள் துணி துவைக்கவும் கடைக்குப் போகவும் வீட்டுக்கு எழுதவும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. 2019 வரை வருடத்தில் இரண்டே முறைதான் வீட்டுக்குப் போன் பேசலாம், கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும். இப்போது வாரம் ஒருமுறை பேசலாம். துணி துவைக்கும் நாளைச் சட்டத்திலேயே எழுதி வைத்தவர்களுக்கு இருபது வயதுப் பையனின் மனசு தெரிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். வியாழக்கிழமை படுத்துக் கிடந்ததையும் உங்கள் தம்பி மறைக்காமல் எழுதினான் பாருங்கள். அதற்காகவே அவனை எனக்குப் பிடித்துவிட்டது.

எனக்குள்ள குறை ஒன்றுதான், அதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். நாம் மிஷனரிகள் தேடி வந்த ஊர்க்காரர்கள். மயிலாடி மகாராசன் வேதமாணிக்கம் கூப்பிட்டு, 1806இல் லண்டன் மிஷன் என்ற சங்கத்தின் ஊழியர் ரிங்கல்தௌபே வந்தார். பத்து வருடம் ஊர் ஊராக நடந்தார், கையிலிருந்ததைக் கொடுத்துத் தீர்த்தார். 1816இல் நோயோடு புறப்பட்டபோது உடுத்தக் கோட்டுகூட இல்லை என்று சென்னையில் பார்த்தவர் எழுதியிருக்கிறார். உங்கள் பாறசாலையிலும் லண்டன் மிஷன் நிலையம் இருந்தது. அவர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களும் அறிக்கைகளும் இல்லையென்றால் தோள்சீலைப் போராட்டத்தின் சரித்திரத்தைப் பாதிகூட எழுத முடியாது.

ஆனால் அந்தக் காகிதங்களில் நம் பாட்டிகளைத் தேடிப்பாருங்கள். "ஒரு ஏழைப் பெண்", "ஒரு விதவை", இத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்றுதான் பெரும்பாலும் இருக்கும். விடுதியில் படித்த பிள்ளைகள் பலருக்கு, பணம் அனுப்பிய இங்கிலாந்துக்காரரின் பெயரையே இட்டார்கள். வீட்டில் அந்தப் பெண்ணை எப்படிக் கூப்பிட்டார்கள் என்பது எங்கேயும் இல்லை. அடுப்பில் என்ன இருந்தது, மிஷனரியிடம் அவள் என்ன கேட்டாள், எதற்குச் சிரித்தாள் என்பதும் அபூர்வம். எழுதியவர்கள் கெட்டவர்கள் அல்லர். பலர் இங்கேயே செத்தார்கள், பிள்ளைகளை இங்கேயே புதைத்தார்கள். ஆனாலும் என் குடும்பத்துப் பெண்கள் அந்தக் கடிதங்களில் முகமில்லாமல் நிற்பதைப் படிக்கும்போது எனக்கு வலிக்கிறது.

இப்போது நம் வீட்டுப் பிள்ளை இன்னொரு நாட்டிலிருந்து எழுதுகிறான், "ஒரு பாட்டி" என்று. இந்த முறை பேசும்போது அவர் பெயரைக் கேளுங்கள். கொப்பரையை வெயிலில் காயவைக்கிறாரா, புகை போடுகிறாரா? என்ன விலைக்குப் போகிறது? உரித்து முடித்ததும் தம்பிக்குச் சாப்பிட என்ன கொடுத்தார்? அந்தப் பக்கம் தென்னங்கள்ளில் மரப்பட்டை போட்டுச் சிவப்பாக்குவார்கள். கள்ளிறக்குகிறவர் மரமேறுவதைப் பார்த்திருந்தால் நம் ஊர் மரமேற்றத்துக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று எழுதச் சொல்லுங்கள், அப்பா அதை ஆசையாக வாசிப்பார். கதவு திறக்காத நாலு வீட்டைப் பற்றியும் கேளுங்கள். திறக்காமலிருக்க அவர்களுக்கு உரிமை உண்டு. அவர்களைப் பற்றி அவன் கசப்பில்லாமல் எழுதினால், அந்த ஊரில் இருக்கக் கற்றுக்கொண்டான் என்று வைத்துக்கொள்ளலாம். எத்தனை பேரைச் சேர்த்தாய் என்று மட்டும் வீட்டில் யாரும் கேட்க வேண்டாம். அந்தக் கேள்வி விழுந்தால் பாட்டி மறுபடியும் எண்ணாகிவிடுவார்.

இன்னொரு வேலையும் உங்களுக்கு இருக்கிறது. லண்டன் மிஷன்காரர்களின் கடிதங்களை லண்டனில் சோவாஸ் என்ற பல்கலைக்கழகத்தின் நூலகத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். தம்பியின் கடிதங்கள் உங்கள் போனில் மட்டும்தான் இருக்கின்றன. போன் தண்ணீரில் விழுந்தால் போயிற்று. மாதம் ஒருமுறை அச்செடுங்கள். தேதியும் ஊர்ப் பெயரும் மேலே எழுதி ஒரு ஃபைலில் போடுங்கள். நீங்கள் அவனுக்கு அனுப்பும் பதிலையும் அதே ஃபைலில் வையுங்கள். அப்பா ரப்பர் வெட்டின நாள், மழையில் வெட்டு நின்ற நாள், ரப்பர் ஷீட்டுக்கு என்ன விலை வந்தது, எல்லாம் அதில் இருக்கட்டும்.