இரண்டு கொட்டேஷன், ஒரே வீடு: கேஸ் குழாய்ச் செலவை எப்படிக் கணக்கிடுவது?

கேள்வி: வீட்டைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறோம். சிலிண்டரை விட்டுவிட்டு, தெருவில் போகும் இயற்கை எரிவாயு இணைப்பை எடுக்கப் போகிறோம். நான்கு பர்னர் அடுப்பு, ஒரு ஓவன், நிமிடத்துக்கு 10 லிட்டர் தரும் கீசர் ஆகியவைதான் இப்போதைக்கு. கேஸ் மீட்டர் இருக்கும் இடத்திலிருந்து கீசர் வரை குழாய் 12 மீட்டர் ஓடும், ஆறு இடங்களில் திரும்பும். இரண்டு ஒப்பந்ததாரர்கள் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்கள். ஒன்று மற்றதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. குறைந்ததில் 15 மி.மீ. இரும்புக் குழாய், நீளத்துக்கு இவ்வளவு, கூலி இவ்வளவு என்று இரண்டே வரி. கூடியதில் 20 மி.மீ. குழாய், அதோடு பன்னிரண்டு வரிகள். யாருக்கு வேலையைக் கொடுப்பது? பட்ஜெட்டில் எவ்வளவு ஒதுக்குவது?

பதில்: உங்கள் கையில் இருப்பவை இரண்டு வெவ்வேறு வேலைகளின் விலைகள். அதனால் எது மலிவு என்று இப்போதே சொல்ல வழியில்லை. உங்கள் வீட்டுக்கு எந்த வேலை தேவை என்பதை முதலில் நீங்களே ஒரு தாளில் எழுதிவிட வேண்டும். என்னென்ன சாதனங்கள், ஒவ்வொன்றும் எவ்வளவு எரிக்கும், குழாய் எந்த வழியாகப் போகும் என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும். அந்தத் தாள் இல்லாமல் வாங்கும் கொட்டேஷன், கொடுப்பவர் மனதில் இருக்கும் வேலைக்கான விலையாகத்தான் இருக்கும்.

முதலில் லோடு, அதாவது எல்லாச் சாதனங்களும் சேர்ந்து எரிக்கும் அளவு. ஒரு நிமிடத்தில் 10 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி செல்சியஸ் சூடேற்ற வேண்டுமென்றால் ஏறத்தாழ 17.5 கிலோவாட் வெப்பம் தண்ணீருக்குள் போக வேண்டும். எரிவதில் ஒரு பகுதி புகையோடு வெளியேறிவிடும் என்பதால், எரிவாயுக் கணக்கில் கீசர் 20 கிலோவாட்டைத் தொடும். அடுப்புக்கு 8, ஓவனுக்கு 3 என்று வைத்தால் மொத்தம் 31 கிலோவாட். துல்லியமான எண்கள் ஒவ்வொரு சாதனத்தின் தகட்டிலும் அச்சிட்டிருக்கும். அவற்றைப் பார்த்து என் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள். இதில் மூன்றில் இரண்டு பங்கு கீசருக்கே போகிறது பாருங்கள். அடுப்புக்கு மட்டுமே குழாய் போட்டுப் பழகியவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். “எல்லாம் ஒரே நேரத்திலா எரியப் போகிறது?” என்று சொல்லி அளவைக் குறைப்பவர்களும் உண்டு. காலையில் ஒருவர் குளிக்கும் அதே நேரத்தில்தான் இன்னொருவர் அடுப்படியில் நிற்பார். தனி வீட்டுக்கு முழு லோடையும் வைத்தே கணக்குப் போடுங்கள்.

அடுத்து குழாயின் அளவு. உங்கள் கேள்விக்கான விடையில் பாதி இதில்தான் இருக்கிறது. இயற்கை எரிவாயு வீட்டுக்குள் வரும் அழுத்தம் பொதுவாக 20 மில்லிபாரை ஒட்டியே இருக்கும். ஒரு மெல்லிய குழலில் தண்ணீரை 20 செ.மீ. உயரத்துக்குத் தள்ளும் அளவு, அவ்வளவுதான். அந்தச் சின்ன அழுத்தத்தில் 1 மில்லிபாரோ அதற்குச் சற்று மேலோதான் வழியில் குறையலாம் என்று பல நாட்டு விதிமுறைகள் சொல்கின்றன. குழாய் நீண்டாலும் அழுத்தம் குறையும், வளைந்தாலும் குறையும். இந்த அளவுக் குழாயில் ஓர் எல்போ, அதாவது திருப்பத்தில் வைக்கும் வளைவு இணைப்பு, ஏறத்தாழ அரை மீட்டர் நேர்க்குழாய்க்குச் சமம். உங்கள் ஆறு திருப்பங்களும் 3 மீட்டரைச் சேர்க்கின்றன. ஆக, கணக்கில் உங்கள் குழாயின் நீளம் 15 மீட்டர்.

1.25 மில்லிபார் இழப்பை அனுமதிக்கும் வழக்கமான அட்டவணைகளில், 15 மீட்டர் நீளத்துக்கு 15 மி.மீ. இரும்புக் குழாய் ஏறத்தாழ 21 கிலோவாட் கொண்டுபோகும். 20 மி.மீ. குழாயோ ஏறத்தாழ 44 கிலோவாட் கொண்டுபோகும். குறைந்த கொட்டேஷனின் குழாயில் கீசர் தனியாக நன்றாகவே எரியும். அடுப்பையும் ஓவனையும் ஏற்றிவிட்டால் கீசரின் சுடர் தளரும், தண்ணீர் வெதுவெதுப்பாகிவிடும், அடுப்பும் மந்தமாகும். கீசரைப் பழுது பார்ப்பவர் வந்து வந்து போவார். குறை சுவருக்குள் இருக்கும். ஒரே ஒரு அளவு கூட்டினாலே குழாயின் திறன் இரு மடங்காவது பலருக்கு வியப்பாக இருக்கும். விட்டத்தில் வரும் சிறு மாற்றம் ஓட்டத்தில் அவ்வளவு பெரிதாகத் தெரியும். நீளம் நான்கு மடங்கானால் திறன் ஏறக்குறைய பாதியாகும். இரண்டு குழாய்களுக்கும் சுவரை ஒரே மாதிரிதான் வெட்ட வேண்டும், கூலியும் அதிகம் மாறாது. வித்தியாசம் இரும்பின் விலையில் மட்டும். குழாயின் அளவில் மிச்சம் பிடிப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை.

20 மி.மீ. போட்டால் 13 கிலோவாட் மீதம் இருக்கும். துணி உலர்த்தும் எந்திரமோ அறையைச் சூடாக்கும் ஹீட்டரோ பின்னால் வரலாம் என்றால், அது எந்தச் சுவரில் வரும் என்று இப்போதே தீர்மானித்து, அங்கே ஒரு டீயும் (T வடிவக் கிளை இணைப்பு) வால்வும் வைத்து மூடியிட்டு விடுங்கள். நான் பார்த்த ஒரு வீட்டில் தரையெல்லாம் கல் பதித்த பிறகு இரண்டாவது கீசர் வந்தது. அந்த ஒரு டீ இல்லாததால் வீட்டின் வெளிச்சுவரைச் சுற்றிப் புதுக் குழாய் ஓட்ட வேண்டியதாயிற்று. முதல் வேலை முழுவதற்கும் ஆன செலவை விட அது அதிகம்.

சிலிண்டரிலேயே தொடரப் போகிறவர்களுக்கும் இங்கே ஒரு வார்த்தை. எல்.பி.ஜி. ஒரு கன மீட்டரில் இயற்கை எரிவாயுவைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு வெப்பம் வைத்திருக்கிறது. அதனால் சிறிய குழாயே அதற்குப் போதும். ஆனால் பிற்பாடு தெருக்குழாய் இணைப்பு வரக்கூடும் என்றால், இயற்கை எரிவாயுவுக்கான அளவில் இன்றே போட்டுவிடுங்கள்.

இனி அந்தப் பன்னிரண்டு வரிகள். அவற்றை எனக்கு நீங்கள் அனுப்பவில்லை. ஒழுங்கான கொட்டேஷனில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்கிறேன், ஒப்பிட்டுப் பாருங்கள். எரிவாயு நிறுவனத்துக்குக் கட்ட வேண்டிய இணைப்புக் கட்டணமும் முன்வைப்புத் தொகையும் ஒரு பக்கம். கேஸ் மீட்டர் வரை பொதுவாக அவர்கள் பொறுப்பு. அதற்குப் பிறகுள்ளது உங்களுடையது. அந்த எல்லை எங்கே என்பதையும், எத்தனை மீட்டர் வரை இணைப்புக் கட்டணத்திலேயே அடங்கும், அதைத் தாண்டினால் நீளத்துக்கு என்ன விலை என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். கேஸ் மீட்டரை வாசலுக்கு வைப்பதா பின்பக்கம் வைப்பதா என்ற ஒரு முடிவே பல மீட்டர் குழாயைக் கூட்டும் அல்லது குறைக்கும்.

உங்கள் பக்கத்து வேலையில் குழாய், எல்போ, டீ, கிளாம்ப் எல்லாம் வரும். ஒவ்வொரு சாதனத்துக்கும் கைக்கெட்டும் தூரத்தில் தனி வால்வு வேண்டும். வீடு முழுவதற்கும் ஒரு முதன்மை வால்வு வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சுவரைத் துளைக்கும் இடத்தில் குழாயைச் சுற்றி ஸ்லீவ் எனப்படும் உறைக்குழாய் இருக்க வேண்டும். அதற்குள் கசிவு வந்தால் வாயு வீட்டுக்குள் வராமல் வெளியே போகும்படி உள்முனையை அடைத்திருக்க வேண்டும். மண்ணுக்கடியில் போகும் பகுதி இருந்தால் பள்ளம் தோண்டுவது, எச்சரிக்கை நாடா பதிப்பது, மண்ணை மூடித் தளத்தைப் பழையபடி ஆக்குவது மூன்றும் தனித்தனி வரிகளாக வர வேண்டும். மலிவான கொட்டேஷன்களில் காணாமல் போவது பெரும்பாலும் கடைசியாகச் சொன்னதுதான். குழி வெட்டியவர் போய்விடுவார். உடைந்த தரை உங்களிடம் இருக்கும்.

எந்தக் குழாய் என்பதற்கு நீண்ட விவாதம் தேவையில்லை. மண்ணுக்கடியில் பி.இ. (பாலிஎத்திலீன்) எனப்படும் மஞ்சள் நிற பிளாஸ்டிக் குழாய் நல்லது, துருப்பிடிக்காது. ஆனால் வெயிலும் சூடும் அதற்கு ஆகாது, எனவே அதை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. உள்ளே இரும்போ செம்போ போடலாம். நெளிவுள்ள ஸ்டீல் குழாயும் உண்டு. இணைப்புகள் குறையும், ஆணியும் துரப்பணமும் படாத இடமாகப் பார்த்துப் போட வேண்டும். உங்கள் பகுதி விதிகள் எதை அனுமதிக்கின்றன என்பதே முதல் வடிகட்டி. எந்தக் குழாயானாலும் இணைப்புகளைச் சுவருக்குள் புதைக்க வேண்டாம். கசிவு வருவது பெரும்பாலும் இணைப்பில்தான். அது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

பட்ஜெட்டில் பலர் விட்டுவிடும் இரண்டு செலவுகள் உண்டு. ஒன்று, உங்கள் பழைய சாதனங்கள். சிலிண்டருக்காகச் செய்த அடுப்பின் ஜெட், அதாவது வாயு பர்னருக்குள் வரும் சிறு முனை, அதன் துளை இயற்கை எரிவாயுவுக்குச் சிறியது. ஜெட்டை மாற்றி, காற்று அளவைச் சரிசெய்தால்தான் நீலச் சுடர் வரும். சில கீசர்களை மாற்றவே முடியாது, புதிது வாங்க வேண்டும். தயாரித்த நிறுவனம் அந்த மாடலுக்கு மாற்றுப் பாகம் தருகிறதா என்று இப்போதே கேளுங்கள். ஜெட்டைத் துரப்பணத்தால் பெரிதாக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று காற்று. ஒரு கன மீட்டர் இயற்கை எரிவாயு முழுமையாக எரிய ஏறத்தாழ 10 கன மீட்டர் காற்று வேண்டும். உங்கள் 31 கிலோவாட்டும் சேர்ந்து எரிந்தால் மணிக்கு 3 கன மீட்டர் வாயு செலவாகும். அதாவது 30 கன மீட்டர் காற்று. அது கிடைக்காதபோது கார்பன் மோனாக்சைடு உருவாகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கீசரைக் குளியலறைக்குள் வைக்காதீர்கள். புகைபோக்கி வெளியே போகும்படி வையுங்கள். புகைபோக்கிக்கும் காற்றுத் திறப்புக்கும் ஆகும் செலவு, கார்பன் மோனாக்சைடு அலாரம் உட்பட, கேஸ் லைன் செலவோடு சேர்ந்ததே. எரிவாயுக் கசிவைக் காட்டும் கருவியும் வாங்கினால், வைக்கும் உயரத்தைக் கவனியுங்கள். இயற்கை எரிவாயு காற்றை விட இலேசு, மேலே சேரும். கருவி கூரையை ஒட்டி இருக்க வேண்டும். எல்.பி.ஜி. காற்றை விடக் கனம், தரையோடு படரும். அதற்குக் கருவி தரைக்கு அருகில் இருக்க வேண்டும். நீங்கள் மாறுகிறீர்கள் என்பதால் பழைய கருவியை அதே இடத்தில் விட்டுவிடாதீர்கள். அது எல்.பி.ஜி.க்கு மட்டும் செய்ததா என்றும் பார்த்துவிடுங்கள்.

சோதனை எங்கே எழுதியிருக்கிறது என்று இரண்டு கொட்டேஷன்களிலும் தேடுங்கள். குழாய் போட்டு முடித்து, பூசுவதற்கு முன்னால், சாதனங்கள் எதையும் மாட்டாமல், குழாயைக் காற்றாலோ நைட்ரஜனாலோ அழுத்தி அழுத்தமானியைப் பார்க்க வேண்டும். ஆக்சிஜனைப் பயன்படுத்தவே கூடாது. அழுத்தியதும் அளவு பார்க்காமல், வெப்பநிலை நிலைப்படச் சிறிது நேரம் விட்டுப் பார்க்க வேண்டும். வெயில் பட்டாலே அளவு மாறிவிடும். இறங்கினால் சோப்பு நுரையைத் தடவி இடத்தைக் கண்டுபிடிக்கலாம். சாதனங்களை மாட்டிய பின் இன்னொரு முறை. இந்த இரண்டு சோதனையும், உரிமம் பெற்றவரின் சான்றிதழும் தனி வரியாக இருக்கட்டும். முதல் சோதனை நடக்கும் நாளில் நீங்கள் வீட்டில் இருங்கள். சுவரை மூடுவதற்கு முன் அளவுநாடாவை வைத்துக் குழாயின் வழியைப் புகைப்படம் எடுத்து வையுங்கள். பின்னால் அலமாரி மாட்ட வருபவர் எங்கே துளை போடலாம் என்று அது சொல்லும்.

எவ்வளவு ஒதுக்குவது என்று கேட்டிருந்தீர்கள். எல்லா வரிகளும் நிரம்பிய கொட்டேஷன் தொகைக்கு மேல், புது வீடென்றால் 10 சதவீதமும், உங்களைப் போலப் பழைய சுவரைத் திறக்கிறவர்கள் 20 சதவீதமும் தனியே வைத்திருங்கள். பழைய சுவருக்குள் என்ன இருக்கிறது என்பது வெட்டிய பிறகுதான் தெரியும். பணம் கட்டும்போது ஒரு பங்கு தொடக்கத்தில், ஒரு பங்கு முதல் சோதனைக்குப் பின், கடைசிப் பங்கு சான்றிதழ் கைக்கு வந்த பின் என்று பேசி முடியுங்கள். பணம் போதவில்லையென்றால் ஓவனைத் தள்ளிப்போடுங்கள், ஹீட்டருக்கான கிளையை மூடியிட்டு விடுங்கள். வால்வையும் சோதனையையும் குறைக்காதீர்கள்.

உங்கள் தாளில் 31 கிலோவாட், 15 மீட்டர், 20 மி.மீ., பின்னால் வரும் சாதனத்துக்கான டீ, மேலே சொன்ன வரிகள் எல்லாவற்றையும் எழுதி, அதன் நகலை இரண்டு ஒப்பந்ததாரர்களுக்கும் கொடுத்து மீண்டும் விலை கேளுங்கள். குறைந்த விலை சொன்னவர் அதே தாளுக்கு எழுதித் தரும் தொகை இன்னும் குறைவாகவே இருந்தால், உரிமத்தையும் அவர் முன்பு செய்த ஒரு வேலையையும் பார்த்துவிட்டு அவரிடமே தாராளமாகக் கொடுக்கலாம். சோதனை வரியை எழுதித் தர அவர் தயங்கினால் அடுத்தவரிடம் கொடுங்கள்.