காரின் கருப்பு பிளாஸ்டிக்கில் படிந்த வாக்ஸ் வெள்ளையை எப்படி எடுப்பது?

"வாக்ஸ் போட்டேன், பெயின்ட் பளபளக்கிறது, ஆனால் பம்பரின் கருப்பு பிளாஸ்டிக்கிலும் கதவு ரப்பரிலும் வெள்ளைத் திட்டு நிற்கிறது, எப்படி எடுப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். வெயிலில் நிறுத்தி, ஓரத்தில் டேப் ஒட்டாமல், கை போன போக்கில் தேய்த்திருப்பீர்கள். முதல் தடவை நானும் அப்படித்தான் போட்டேன். இதற்குள் யாராவது "தேங்காய் எண்ணெய் தடவுங்க, சரியாயிடும்" என்று சொல்லியும் இருப்பார்கள். தயவுசெய்து தடவாதீர்கள். அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என்னுடையது சிவப்பு ரெனோ க்விட் கார், 2017 மாடல். சக்கரத்துக்கு மேலே வளைவாகக் கருப்பு பிளாஸ்டிக் பட்டை இருக்கும், கிளாடிங் என்பார்கள். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு வாசலில் வைத்து, டப்பா வாக்ஸை நானே போட்டேன். கிளாடிங்கைத் தொட்டுப் பாருங்கள், தோல் பை மாதிரி சொரசொரவென்று இருக்கும். அந்தக் குழிகளுக்குள் வாக்ஸ் இறங்கி, அதில் கலந்திருக்கும் கரைப்பான் ஆவியானதும் வெள்ளையாகக் காய்ந்துவிடுகிறது. துணி மேட்டைத்தான் துடைக்கும், குழிக்குள் போகாது. மறுநாள் காலையில் சந்தனம், குங்குமம் வைக்கக் குனிந்தபோதுதான் பார்த்தேன். நாலு சக்கரத்துக்கு மேலேயும் சுண்ணாம்புக் கை வைத்த மாதிரி என் விரல் தடம்.

அத்தை சொன்னார்கள் என்று தேங்காய் எண்ணெய் தடவினேன். இரண்டு நாள் கருகருவென்று புதுசு போல இருந்தது. மூன்றாம் நாள் ஊர்ப்பக்கம் போய்விட்டு வந்ததும் வழியிலிருந்த செம்மண் எல்லாம் அதில் அப்பிக்கொண்டது. கழுவினேன். எண்ணெய் போனது, வெள்ளை அப்படியே இருந்தது. டேஷ்போர்டு பாலிஷும் அதே கதைதான். மேலே படர்ந்து மறைக்கும், நாலு தடவை கழுவினால் அடியில் இருப்பது எட்டிப் பார்க்கும். மறைப்பது வேறு, எடுப்பது வேறு.

அப்புறம் ஒரு வாட்டர் வாஷ் கடையில் விட்டேன். அந்தப் பையன் மண்ணெண்ணெயில் துணியை நனைத்து கிளாடிங், கதவு பீடிங் (கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர்) என்று பார்க்காமல் எல்லாவற்றையும் துடைத்துத் தந்தான். வெள்ளை போனது உண்மை. ஆனால் ஒரு வாரத்தில் டிரைவர் பக்கக் கதவை ஓங்கிச் சாத்தினால்தான் மூடியது. பீடிங்கை அழுத்திப் பார்த்தால் ஊறிய அப்பளம் மாதிரி கொழகொழவென்று இருந்தது. பெரும்பாலான கார்களின் கதவு பீடிங் ஈபிடிஎம் என்ற ரப்பர். வெயிலையும் மழையையும் நன்றாகத் தாங்கும், பெட்ரோலிய எண்ணெயைத் தாங்காது, உறிஞ்சி உப்பிவிடும். ஐப்பசி மழையில் அந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கி, கால்மிதிக்கு அடியில் இருந்த விரிப்பு நாறிவிட்டது. பீடிங்கை மாற்றினேன்.

இதைக் கேட்கப் போனபோது கடைக்காரர் என்னிடம் பேசவே இல்லை. "சார் வரலியாக்கா? சார்கிட்ட சொல்லிக்கிடுதேன்" என்றார். கார் என் பெயரில், தவணை என் சம்பளத்தில், தினமும் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிப் போகிறவள் நான். என் வீட்டுக்காரருக்குக் கார் ஓட்டவே வராது. ஆனாலும் சர்வீஸுக்குக் கூட வந்தால் எல்லா விளக்கமும் அவருக்குத்தான், பில் மட்டும் என் கைக்கு வரும். டயர் கடையிலும் இதுதான், இன்சூரன்ஸ் எடுக்கும் இடத்திலும் இதுதான். கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று சிலர் சொல்வீர்கள், தெரியும். இந்த வேலையை நானே கற்றுக்கொண்டதற்குக் காரணம் அதுதான் என்பதால் சொல்கிறேன்.

சரி, எடுக்கிற விதம். முதலில் அது வாக்ஸ்தானா என்று பாருங்கள். பென்சில் அழிக்கிற வெள்ளை ரப்பரால் ஓரிடத்தில் தேயுங்கள். அந்த இடம் கருத்தால் வாக்ஸ். எவ்வளவு தேய்த்தாலும் சாம்பல் நிறமாகவே இருந்தால் வெயிலில் பிளாஸ்டிக்கே வெளுத்திருக்கிறது, அதற்கு இந்த வைத்தியம் உதவாது.

காரை நிழலில் நிறுத்தி, பாகம் சூடு ஆறியதும் வெதுவெதுப்பான தண்ணீரில் கார் ஷாம்பு கலந்து, மிருதுவான பழைய டூத் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். புதுக் கறையாக இருந்தால் பாதி இதிலேயே போய்விடும். காய்ந்த பிறகு, மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சம அளவு தண்ணீரில் கலந்துகொள்ளுங்கள். தலைமுடி காயவைக்கும் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்து அசைத்துக் காட்டினால் வாக்ஸ் இளகும். பல கார் வாக்ஸ்களில் இருக்கும் கார்னாபா என்ற தாவர மெழுகு முழுதாக உருக 80 டிகிரிக்கு மேல் வேண்டும், நமக்கு அவ்வளவு தேவையில்லை, தளர்ந்தால் போதும். டிரையரை அணைத்துத் தள்ளி வைத்துவிட்டு, தொட்டுப் பார்த்துக் கை சுடாத அளவுக்கு ஆறியதும் பிரஷை அந்தக் கலவையில் தொட்டுச் சின்ன வட்டமாகத் தேயுங்கள். குழிகளிலிருந்து பால் மாதிரி ஒரு கலங்கல் வெளியே வரும். அது காய்வதற்குள் மைக்ரோபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். தேய்த்துத் துடைத்தால் பக்கத்துக் குழிக்குள் போய்விடும். துணியை மடித்து மடித்துச் சுத்தமான பக்கமாகவே வையுங்கள். ஒரு சக்கர வளைவுக்கு எனக்கு இருபது நிமிடம் ஆனது, இரண்டு தடவை செய்தேன். கடைசியில் வெறும் தண்ணீரில் துடைத்துவிடுங்கள்.

பக்கத்துப் பெயின்டில் ஆல்கஹால் பட்டால் அங்கே போட்ட வாக்ஸும் போய்விடும், கவனம். கை கழுவும் சானிடைசர் ஜெல்லை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், அதிலிருக்கும் கிளிசரின் பிசுபிசுவென்று தங்கிவிடும். கதவு ரப்பருக்கு ஷாம்புத் தண்ணீரும் பிரஷுமே பெரும்பாலும் போதும். போகாத இடத்தில் மட்டும் கலவையில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒரு இழுப்பு, உடனே தண்ணீர்த் துணி. பெட்ரோல், தின்னர், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம்.

"நான் பத்து வருஷமாக மண்ணெண்ணெயில்தான் துடைக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்று யாராவது எழுதுவார்கள். பிளாஸ்டிக் தாங்கியிருக்கலாம், நான் சொல்வது ரப்பரைப் பற்றி. டீட்டெய்லிங், அதாவது காரை நுணுக்கமாகச் சுத்தம் செய்து பளபளப்பாக்கும் தொழிலில் இருப்பவர்களிடம் ஸ்டீம் இயந்திரம் இருக்கும், அது இதைவிட நன்றாகவே எடுக்கும். வீட்டில் இருப்பதை வைத்து என்ன செய்யலாம் என்றுதான் நான் சொல்கிறேன். எதையும் பம்பரின் அடிப்பக்கத்தில், கண்ணில் படாத இடத்தில் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

அடுத்த முறை வாக்ஸ் போடும் முன் பெயின்டர்கள் பயன்படுத்தும் மாஸ்கிங் டேப்பை கிளாடிங், பீடிங், கண்ணாடியின் அடி ரப்பர் எல்லாவற்றின் ஓரத்திலும் ஒட்டுங்கள். க்விட்டுக்கு ஒரு சுருள் எனக்கு இரண்டு தடவை வருகிறது. வேலை முடிந்த கையோடு உரித்துவிடுங்கள். வெயிலில் விட்டால் அந்தப் பசையை எடுப்பது தனி வேலை.