ஸ்கைடைவிங்: பாராசூட் திறந்த பிறகுதான் பாதி வேலை! வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே பயத்தைத்தான் சுற்றி வருகின்றன. பாராசூட் திறக்காவிட்டால் என்ன செய்வது? அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆனால் இந்த விளையாட்டில் தனியாகக் குதிக்கப் பழகியவர்கள் பலர் அடிபடுவது நன்றாகத் திறந்த பாராசூட்டின் கீழேதான். அதனால் அந்தப் பக்கத்துக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். கீழே வரும் விதிகளும் உயரக் கணக்குகளும் யுஎஸ்பிஏ எனப்படும் அமெரிக்க பாராசூட் சங்கத்தினுடையவை. நீங்கள் குதிக்கும் நாட்டில் வேறு விதி இருந்தால் அதைத்தான் பின்பற்ற வேண்டும்.

துபாயில் வேலை பார்க்கிறேன். அடுத்த மாதம் மனைவியோடு டாண்டம் குதிக்கப் பதிவு செய்திருக்கிறோம். பாராசூட் திறக்காவிட்டால் என்ன ஆகும்? எங்கள் கையில் ஏதாவது இருக்கிறதா?

டாண்டம் என்றால் பயிற்றுநரோடு சேர்த்துப் பிணைக்கப்பட்டுக் குதிப்பது. அவருடைய முதுகுப் பையில் இரண்டு பாராசூட்கள் இருக்கும். முதலாவது சரியாக விரியவில்லை என்றால் அதைக் கழற்றி விட்டுவிட்டு இரண்டாவதை, அதாவது ரிசர்வைத் திறப்பார். ரிசர்வை உரிமம் பெற்ற ரிக்கர்தான் மடிப்பார். அமெரிக்காவில் ஒருமுறைகூடப் பயன்படுத்தாவிட்டாலும் 180 நாளுக்குள் அதைப் பிரித்துச் சோதித்து மறுபடி மடித்தாக வேண்டும். இரண்டு பேர் எடை சேர்ந்தால் விழும் வேகம் கூடிவிடும் என்பதால், விமானத்தை விட்டு வெளியே வந்ததும் டிரோக் என்ற சிறிய பாராசூட்டை விடுவார்கள். அது வேகத்தை ஒருவர் தனியாக விழும் அளவுக்கு, மணிக்கு சுமார் 190 கிலோமீட்டருக்குக் கொண்டுவந்துவிடும். 5,000 அடிக்குக் கீழே போவதற்கு முன்பே பிரதான பாராசூட் திறக்கப்பட வேண்டும். ஏதாவது சிக்கல் என்றால் சமாளிக்க அந்த உயரம் போதும். பயிற்றுநர் மயங்கியே விட்டாலும் ஏஏடி என்ற கருவி, குறிப்பிட்ட உயரத்தில் இன்னும் வேகமாக விழுகிறோம் என்று கண்டால் தானே ரிசர்வைத் திறந்துவிடும். டாண்டம் பயிற்றுநராக ஒருவருக்குக் குறைந்தது 500 குதிப்புகளும் மூன்று வருட அனுபவமும் வேண்டும்.

2023இல் அமெரிக்காவில் நடந்தவை ஏறக்குறைய 36.5 லட்சம் குதிப்புகள். இறந்தவர்கள் 10 பேர். 1970களில் ஆண்டுக்குச் சராசரியாக 40 பேருக்கு மேல் இறந்துகொண்டிருந்தார்கள். டாண்டம் பயணிகளை மட்டும் எடுத்துக்கொண்டால், ஐந்து லட்சம் குதிப்புகளுக்கு ஒரு மரணம் என்ற அளவில்தான் இருக்கிறது.

உங்கள் கையில் இருப்பது மூன்று விஷயம். ஒன்று, எடையை உள்ளபடி சொல்லுங்கள். கூச்சப்பட்டு ஐந்து கிலோ குறைத்துச் சொல்லாதீர்கள், பயிற்றுநர் அந்தக் கணக்கை வைத்துத்தான் உங்களுக்கான ஆளையும் பாராசூட்டையும் முடிவு செய்கிறார். இரண்டாவது, தோள்பட்டை எப்போதாவது விலகியிருந்தால் மறைக்காதீர்கள். காற்றில் கை பின்னால் இழுபடும்போது அது மறுபடி விலகக்கூடும். மூன்றாவதுதான் முக்கியம். தரையிறங்கும்போது "காலைத் தூக்குங்கள்" என்பார். தூக்க வேண்டும், முழங்காலைக் கையால் பிடித்தாவது தூக்கிவைக்க வேண்டும். டாண்டமில் நடக்கும் காயங்களில் கணுக்கால், முழங்கால் காயங்கள் நிறைய. பயணி அவசரப்பட்டுத் தானே காலை ஊன்றப் பார்ப்பதால் வருபவை அவை.

பக்கத்தில் யாரோ 135 சதுர அடி பாராசூட்டை மலிவாகத் தருகிறார். ஏ லைசென்ஸ் (தனியாகக் குதிப்பதற்கான முதல் நிலை உரிமம்) வாங்கிவிட்டேன், இதுவரை 41 குதிப்பு. எடை 72 கிலோ. வாங்கலாமா? (கலிஃபோர்னியா வாசகர்)

வேண்டாம், தம்பி. இதை அழுத்திச் சொல்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். உங்கள் எடையோடு உடை, உபகரணம் என்று 12 கிலோ சேர்த்தால் 84 கிலோ, அதாவது 185 பவுண்டு. அதை 135 சதுர அடியால் வகுத்தால் ஒரு சதுர அடிக்கு 1.37 பவுண்டு வருகிறது. புதிதாக உரிமம் வாங்கியவருக்கு 1.0ஐத் தாண்டாமல் இருப்பதே நல்லது என்பார்கள். உங்களுக்கு அது 190 சதுர அடிப் பாராசூட்.

சதுர அடிக்கு இந்தப் பாரம் கூடினால் என்ன ஆகும்? பாராசூட் முன்னோக்கியும் கீழ்நோக்கியும் வேகமாகப் போகும். அதைவிட மோசம் திரும்பும்போது நடப்பது. ஒரு பக்க டாகிளை, அதாவது திருப்பும் கைப்பிடியை இழுத்ததும் பாராசூட் அந்தப் பக்கம் சாய்ந்து தலைகுப்புறப் பாயும், நீங்கள் வெளிப்பக்கம் வீசப்படுவீர்கள். மறுபடி பாராசூட்டுக்கு நேர் கீழே உங்கள் உடல் வந்து சேரக் கொஞ்சம் நேரம் வேண்டும், அந்த நேரத்துக்குள் நிறைய உயரம் போய்விடும். சிறிய, பாரம் ஏறிய பாராசூட்டில் இந்த இழப்பு மிக அதிகம். நூறு அடியில் இதைச் செய்தால் தரை முந்திக்கொள்ளும். எந்தக் கோளாறும் இல்லாத பாராசூட்டோடு இப்படித்தான் இடுப்பும் தொடை எலும்பும் உடைகின்றன, உயிரும் போகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். வேண்டுமென்று சாகசம் செய்து அடிபடும் அனுபவசாலிகள் ஒரு கூட்டம். உங்களைப் போன்ற புதியவர்கள் அடிபடும் விதமே வேறு. இறங்கப்போகும் கடைசி நேரத்தில் எதிரே ஒரு வேலியோ வண்டியோ தெரியும், அல்லது காற்று முதுகுப்பக்கமிருந்து அடிப்பது அப்போதுதான் புரியும். பதறிப்போய் ஒரு டாகிளை முழுக்க இழுத்துவிடுவார்கள். அந்த வேலியில் உரசியிருந்தால் சிராய்ப்போடு போயிருக்கும். காற்றோடு சேர்ந்து இறங்கியிருந்தால் உருண்டு எழுந்திருக்கலாம். யுஎஸ்பிஏ சொல்லும் முன்னுரிமை வரிசை எனக்கு மிகவும் பிடித்தது: முதலில் பாராசூட் சாயாமல் மட்டமாக இருக்க வேண்டும், அடுத்து தடை இல்லாத இடம், பிறகு பாதியாவது ஃபிளேர் செய்து (இரண்டு டாகிளையும் சேர்த்து இழுத்து வேகத்தைக் குறைத்து) உருளத் தயாராக இருப்பது. காற்றின் திசை இந்த மூன்றில் இல்லவே இல்லை.

அதனால் இப்போது உங்களிடம் இருக்கும் பெரிய பாராசூட்டில் என்னென்ன பழக வேண்டும் என்று சொல்கிறேன். 3,000 அடிக்கு மேலேயே, சுற்றிலும் யாரும் இல்லாததைப் பார்த்துக்கொண்டு, பிரேக் போட்ட திருப்பத்தைப் பழகுங்கள். இரண்டு டாகிளையும் பாதிவரை இழுத்துக்கொண்டு ஒரு பக்கத்தை மட்டும் சற்றே மேலே விட வேண்டும். பாராசூட் சாயாமல், உயரத்தை அதிகம் தின்னாமல் திரும்பும். தாழ்வாக இருக்கும்போது திரும்பியே ஆகவேண்டிய நிலை வந்தால் இது ஒன்றுதான் கை கொடுக்கும். அப்புறம் பின்பக்க ரைசரை (தோளிலிருந்து கயிறுகளுக்குப் போகும் பட்டையை) மட்டும் இழுத்துத் திருப்புங்கள், ஃபிளேர் செய்யுங்கள். எந்த அளவு இழுத்தால் ஸ்டால் ஆகிறது, அதாவது பாராசூட் பறப்பதை விட்டுச் சரிகிறது என்று உயரத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். 1,000 அடி, 600 அடி, 300 அடி என்று இறங்கு பாதையின் மூன்று கட்டங்களையும் திட்டமிட்டு, நினைத்த இடத்தில் இறங்கும்வரை பழகுங்கள். பி லைசென்ஸுக்கு எப்படியும் பாராசூட் ஓட்டும் பயிற்சி கட்டாயம், அதை இப்போதே முடித்துவிடுங்கள். அந்தப் பயிற்றுநர் இறங்குவதைப் படம்பிடித்துக் காட்டுவார், தவறு கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

பிறகு ஒருநாள் சின்னதற்கு மாறும்போதும் ஒரே ஒரு அளவு மட்டும் குறையுங்கள். அப்படி மாறும் நாளில் புது இடம், பலமான காற்று, பெரிய குழுக் குதிப்பு எதுவும் வேண்டாம்.

ஏஏடி இருக்கும்போது ஏன் இவ்வளவு உயரக் கணக்கு?

ஏஏடி எல்லா விபத்தையும் தடுக்காது என்பதால்தான். 1991இல் சைப்ரஸ் என்ற ஏஏடி கருவி வந்த பிறகு எத்தனையோ பேர் உயிரோடு இருக்கிறார்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அது எப்போது வேலை செய்கிறது? அனுபவசாலிகளுக்கான சைப்ரஸ், சுமார் 750 அடியில் நொடிக்கு 35 மீட்டருக்கு மேல் வேகம் இருந்தால்தான் ரிசர்வைத் திறக்கும். முழு வேகத்தில் விழுபவருக்கு அங்கிருந்து தரை நான்கே நொடி. பாதி விரிந்து சுழன்றுகொண்டிருக்கும் பாராசூட்டில் வேகம் அதைவிடக் குறைவாக இருந்தால் கருவி சும்மாவே இருக்கும். அந்த வேகத்தில் தரையில் மோதினாலும் சாவுதான்.

ஏ லைசென்ஸ் உள்ளவர் 3,000 அடிக்குக் கீழே போவதற்குள் பாராசூட்டைத் திறந்திருக்க வேண்டும், 2,500 அடிக்குக் கீழே போவதற்குள் அது சரியாக இருக்கிறதா என்று முடிவெடுத்திருக்க வேண்டும். பார்த்தால் சதுரமாக இருக்கிறதா, திருப்பினால் திரும்புகிறதா, ஃபிளேர் எடுக்கிறதா? இல்லை என்றால் பிரதான பாராசூட்டைக் கழற்றிவிடும் வலது கைப்பிடி, அடுத்து ரிசர்வைத் திறக்கும் இடது கைப்பிடி. இன்னும் கொஞ்சம் போராடிப் பார்ப்போம் என்ற எண்ணம்தான் ஆபத்து. ஆயிரம் அடி ஐந்தரை நொடியில் போய்விடும்.

குதிக்கும் முன் மூன்று முறை சோதிக்கச் சொல்கிறார்கள். கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறதே?

பையை மாட்டும் முன், விமானத்தில் ஏறும் முன், கதவு திறக்கும் முன். மூன்றும் வேண்டும். 1988இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் 800 முறைக்கு மேல் குதித்திருந்த ஒருவர், மற்றவர்களைப் படம்பிடிக்க விமானத்தில் போனார். முதுகில் படப்பிடிப்புக் கருவிகளின் கனம் இருந்தது. அவர் பாராசூட்டே அணியவில்லை. குதித்த பிறகுதான் அது தெரிந்தது. விமானத்தில் கூட இருந்த யாருமே அதைக் கவனிக்கவில்லை. அனுபவம் கூடக்கூடக் கை தானாக வேலை செய்யும், கண் பார்ப்பதை நிறுத்திவிடும். அதனால் உங்கள் முதுகை இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள், அவர் முதுகை நீங்கள் பாருங்கள். ரிசர்வ் பின், கால் பட்டைகள், மார்புப் பட்டை, மூன்று வளையக் கொக்கி, கைப்பிடிகள். ஒரு நிமிடம்கூட ஆகாது.

சென்டோசா காற்றுச் சுரங்கத்தில் நன்றாகப் பறக்கிறேன். நேரடியாகத் தனியே குதிக்கலாமா? (சிங்கப்பூர்)

கீழிருந்து வீசும் காற்றில் மிதக்கும் அந்த டனலில் பழகியது வீண் போகாது. ஒரு முழுக் குதிப்பில் விழும் நேரமே ஒரு நிமிடத்துக்குப் பக்கம்தான், டனலில் அரை மணி நேரம் பறந்தவருக்கு உடம்பு நிலைப்பது முதல் நாளே வந்துவிடும். ஆனால் அங்கே உயரம் காட்டும் ஆல்டிமீட்டர் ஓடாது, திறக்க வேண்டிய கைப்பிடி இல்லை, இறங்க வேண்டிய மைதானமும் இல்லை. ஏஎஃப்எஃப் எனப்படும், தனியாகக் குதிக்கக் கற்றுத்தரும் பயிற்சியை வழக்கம்போல் முதல் நிலையிலிருந்தே தொடங்குங்கள். டனல்காரர்களிடம் நான் கவலையோடு பார்ப்பது ஒன்று உண்டு. காற்றில் கச்சிதமாகப் பறக்கிறார் என்பதால், பாராசூட் ஓட்டுவதிலும் தேறிவிட்டார் என்று கூட இருப்பவர்களும் நம்பிவிடுகிறார்கள்.

ஹெல்மெட்டில் கோப்ரோ மாட்டலாமா? 30 குதிப்பு ஆகிவிட்டது.

200 ஆகட்டும். பாராசூட் கயிறு அதில் சிக்கக்கூடும் என்பது ஒரு காரணம். படம் சரியாக விழுகிறதா என்று யோசிப்பவர் உயரத்தைப் பார்க்க மறந்துவிடுவார் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

எங்கள் மகன் டெக்சாஸில் எம்.எஸ். படிக்கிறான். ஸ்கைடைவிங் கற்கப் போகிறேன் என்கிறான். தடுத்தால் சொல்லாமல் போய்விடுவானோ என்று பயமாக இருக்கிறது. (கோவையிலிருந்து ஒரு தாய்)

அம்மா, உங்கள் பயம் நியாயமானது. அவன் உங்களிடம் சொல்லிவிட்டுப் போகும்படி வைத்துக்கொள்வதுதான் நல்லது. தடுப்பதற்குப் பதிலாக அவனிடம் சில கேள்விகள் கேளுங்கள். பயிற்சி மையம் யுஎஸ்பிஏவில் சேர்ந்ததா? பயிற்றுநர்களின் தகுதிச் சான்று இப்போது செல்லுபடியாகிறதா? காற்று அதிகமானால் மாணவர்களைக் கீழேயே உட்கார வைக்கிறார்களா? மாணவர்களுக்குக் காற்று மணிக்கு 14 மைலைத் தாண்டக் கூடாது. அவனுக்குத் தரும் பாராசூட் பெரியதா? கடைசியாக, அவன் "இன்று மனசு சரியில்லை, குதிக்கவில்லை" என்று சொன்னால் அங்கே யாராவது கிண்டல் செய்வார்களா? கிண்டல் செய்யும் இடமாக இருந்தால் வேறு இடம் பார்க்கச் சொல்லுங்கள். ஏ லைசென்ஸுக்குக் குறைந்தது 25 குதிப்புகள் வேண்டும். அதை ஒரே மாதத்தில் முடிக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் நடுவில் நீண்ட இடைவெளி விடுவதும் நல்லதல்ல.

கதவருகே போய்ப் பயந்து திரும்பிவிட்டேன். எல்லோரும் பார்த்தார்கள். அவமானமாக இருக்கிறது.

விமானத்திலேயே கீழே இறங்குவது இந்த விளையாட்டில் சாதாரணம். மேகம் வந்தால் அனுபவசாலிகளும் அப்படித்தான் இறங்குவார்கள். அடுத்த முறை போகும்போது பயிற்றுநரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கதவருகே நிற்கும் பயிற்சியைத் தரையிலேயே கூடுதலாகச் செய்ய வைப்பார்.

தாய்லாந்தில் ஸ்கூபா, ஸ்கைடைவிங் இரண்டுக்கும் திட்டம். எதை முதலில்?

ஸ்கைடைவிங்கை முதலில் முடித்துவிடுங்கள். குதிக்கும் விமானத்துக்குள் காற்றழுத்தம் சமன் செய்யப்படாது, 13,000 அடி வரை அப்படியே ஏறும். ஆழத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன் அங்கே குமிழியாக மாறக்கூடும். வேறு வழியே இல்லாமல் ஸ்கூபா முதலில் வந்துவிட்டால், குறைந்தது 24 மணி நேரம் விட்டுத்தான் விமானம் ஏற வேண்டும்.

ஊருக்கு வந்து நான்கு மாதம் ஆகிவிட்டது. திரும்பிப் போனதும் நண்பர்களோடு குழுவாகக் குதிக்கலாம் அல்லவா? ஏ லைசென்ஸ்தான்.

முதல் குதிப்பே குழுவாக வேண்டாம். குதிக்காமல் விடக்கூடிய இடைவெளி ஏ லைசென்ஸுக்கு 60 நாளும் அடுத்த நிலையான பிக்கு 90 நாளும்தான். சி, டி வைத்திருப்பவர்களுக்கே ஆறு மாதம். அதைத் தாண்டினால் பயிற்றுநரின் மேற்பார்வையில் ஒரு குதிப்பு செய்துவிட வேண்டும். போனதும் முதலில் தரையில் தொங்கு பட்டையில் தொங்கி, கைப்பிடிகளை இழுக்கும் வரிசையைக் கை பழகும்வரை செய்யுங்கள். பிறகு காற்று குறைந்த நாளாகப் பார்த்து, வாடகைக்குக் கிடைக்கும் பெரிய பாராசூட்டோடு, சற்று உயரத்திலேயே திறந்து இறங்குங்கள். நண்பர்களோடு குதிப்பதை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம்.