மராக்கேஷ் மசாலா ஏன் கசக்கிறது?

கேள்வி: என் கணவர் மொராக்கோ போய்விட்டு வரும்போது மராக்கேஷ் கடைத்தெருவில் ‘ராஸ் எல் ஹனூத்’ என்கிற மசாலாப் பொடி கால் கிலோ வாங்கி வந்தார். 35 சரக்கு சேர்ந்தது என்று சொன்னார்களாம். உப்பில் ஊறிய எலுமிச்சையும் பச்சை ஆலிவும் போட்டு அரைக் கிலோ கோழியில் தஜீன் (சிறு தீயில் வேகவிடும் மொராக்கோ குழம்பு) செய்தேன். எண்ணெய் காய்ந்ததும் 2 மேசைக்கரண்டி பொடி போட்டு வதக்கினேன். ஒரே கசப்பு, மருந்து வாடை வேறு. பொடி கலப்படமா? தூக்கிப் போட்டுவிடலாமா?

பதில்: அவசரப்பட்டுத் தூக்கிப் போடாதீர்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் பொடியைவிட அளவின் மேல்தான் எனக்குச் சந்தேகம். அரைக் கிலோ கறிக்கு ஒரு தேக்கரண்டியே தாராளம். நீங்கள் போட்டது அதைப் போல ஆறு மடங்கு. அதையும் காய்ந்த எண்ணெயில் கொட்டியிருக்கிறீர்கள். கிராம்பு, ஜாதிக்காய், உலர்ந்த ரோஜா மொட்டு எல்லாம் நைசாக அரைத்த பொடி அது; சூடான எண்ணெயில் நொடியில் கருகும். மொராக்கோ வீடுகளில் கறி, வெங்காயம், எண்ணெய், மசாலா எல்லாவற்றையும் ஒன்றாகப் புரட்டி, சிறு தீயில் வைத்து, அப்புறம்தான் தண்ணீர் விடுவார்கள்.

இன்னொன்று, அந்தக் கோழிக்கு இந்த மசாலாவே தேவையில்லை. எலுமிச்சை-ஆலிவ் கோழிக்கு அங்கே போடுவது இஞ்சிப் பொடி, மஞ்சள், மிளகு, குங்குமப்பூ. அவ்வளவுதான். எலுமிச்சைத் தோலிலும் ஆலிவிலும் ஏற்கெனவே ஒரு கசப்பு உண்டு. அதன் மேல் கிராம்பும் கருகலும் சேர்ந்தால் வேறு எப்படி இருக்கும்? தஜீன் என்றாலே ராஸ் எல் ஹனூத் என்பது பாக்கெட் விற்கிறவர்கள் கிளப்பிவிட்ட கதை.

கோழிக்கு ஆகவே ஆகாதா என்று கேட்பீர்கள். ஒரு விதிவிலக்கு உண்டு: ரஃபீசா. பிள்ளை பெற்றவளுக்குச் செய்துபோடும் சாப்பாடு. அடுக்கு ரொட்டியைப் பிய்த்துப் பரப்பி, அதன் மேல் கோழி, முழு மசூர் பருப்பு, ஊறவைத்த வெந்தயம், நிறைய வெங்காயம் போட்ட குழம்பை ஊற்றுவார்கள். அதில் இந்த மசாலா சேரும். அங்கேயும் வெந்தயம்தான் முன்னால் நிற்கும், மசாலா பின்னால்தான். எலுமிச்சையும் ஆலிவும் அதில் கிடையாது என்பதைக் கவனியுங்கள். ஆகவே ‘ரஃபீசாவில் போடுகிறார்களே’ என்று அதையே சாக்காக வைத்து எல்லாக் கோழியிலும் கொட்ட வேண்டாம்.

இப்போது அந்த 35-க்கு வருகிறேன். இந்த மசாலாவுக்கு நிலையான பட்டியல் எதுவும் இல்லை. கடைக்குக் கடை மாறும். பொடியாக்கிய பிறகு 35 இருக்கிறதா 12 இருக்கிறதா என்று யார் எண்ணுவது? வழிகாட்டி ஒருவர் ‘என் நண்பர் கடை’ என்று கூட்டிப் போவார். வெள்ளை கோட்டு போட்டவர் ஒரு பிரசங்கம் செய்வார். கிளம்பும்போது பை கனக்கும், பர்ஸ் இளைக்கும். வழிகாட்டியின் கமிஷன் உங்கள் பில்லிலேயே ஏறியிருக்கும். உரிமம் பெற்ற வழிகாட்டி என்றால் கமிஷன் இருக்காது என்று நம்பாதீர்கள். உரிமம் கொடுக்கிறவர்கள் இதையெல்லாம் கண்டுகொண்டால் நான் ஏன் இதை எழுதப்போகிறேன்! ‘ஆண்மைக்கு நல்லது’ என்று காதில் கிசுகிசுத்தால் உடனே வெளியே வந்துவிடுங்கள். ஒருகாலத்தில் இதில் ஸ்பானிய ஈ என்கிற பச்சை வண்டையும் பொடித்துச் சேர்த்தார்கள். சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு அது. 1990-களில் அதன் விற்பனைக்கு அங்கே தடை வந்தது.

பாக்கெட் சரக்கும் லேசுப்பட்டதல்ல. ‘மசாலாப் பொருட்கள்’ என்று ஒற்றை வார்த்தையை அச்சடித்துவிட்டு உள்ளே பாதிக்குப் பாதி மஞ்சளும் மல்லியும் நிரப்பியிருப்பார்கள். அடுத்த முறை யாராவது போனால் அரைக்காத கலவையாக வாங்கிவரச் சொல்லுங்கள். ரோஜா மொட்டும் ஜாதிபத்திரியும் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

உங்கள் பொடியில் ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பாருங்கள். ஏலமும் ஜாதிபத்திரியும் எழுந்து வந்தால் நல்ல பொடி. வெறும் மஞ்சள் வாடையோ பூஞ்சை வாடையோ வந்தால் மட்டும் குப்பைக்கு.

நல்லதாக இருந்தால் ம்ரூசியா செய்யுங்கள். பக்ரீத் கறியைக் கெடாமல் வைக்கச் செய்துவந்த பண்டம், இந்த மசாலாவுக்கென்றே பிறந்தது. ஒரு கிலோ எலும்போடு ஆட்டுக்கறியில் 2 தேக்கரண்டி பொடி, ஒரு தேக்கரண்டி இஞ்சிப் பொடி, உப்பு தடவி இரவு முழுக்க வையுங்கள். மறுநாள் துருவிய வெங்காயம், நெய், தண்ணீர் சேர்த்துச் சிறு தீயில் வேகவிடுங்கள். கறி எலும்பை விட்டுக் கழன்று வரும்போது ஒரு கை உலர்திராட்சை, ஒரு கை தோலுரித்த பாதாம், 3 மேசைக்கரண்டி தேன். குழம்பு வற்றிப் பளபளவென்று கறியில் ஒட்டும் வரை அடுப்பை விட்டு நகராதீர்கள், தேன் சட்டென்று அடிபிடிக்கும்.

பொடி தீர்ந்தால் மராக்கேஷுக்கு ஆள் அனுப்ப வேண்டியதில்லை. வால்மிளகு, திப்பிலி, சித்தரத்தை, உலர் ரோஜா மொட்டு எல்லாம் நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கும்; பட்டை, ஏலம், மிளகு, சுக்கு, ஜாதிபத்திரி வீட்டில் இருக்கும். சுக்கும் பட்டையும் கூடுதலாக, கிராம்பு நாலே நாலு. கொஞ்சமாக அரைத்து மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். மிளகாய் வேண்டாம்.