வாசகர் கேள்வி: 12ஆவது மாடியா, 2ஆவது மாடியா?

கேள்வி: வேலை மாற்றத்தால் பெருநகரம் ஒன்றுக்குக் குடிபெயர்கிறோம். நான், மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், 70 வயது அம்மா. இதுவரை தனி வீட்டிலேயே இருந்து பழகியவர்கள். அலுவலகத்துக்குப் பக்கத்தில் 12ஆவது மாடியில், அதுதான் கடைசி மாடி, ஒரு புது பிளாட் இருக்கிறது. முக்கால் மணி நேரப் பயணத்தில் 2ஆவது மாடியில் கொஞ்சம் பழைய, ஆனால் பெரிய பிளாட். வாடகை ஏறக்குறைய ஒன்றுதான். வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை எடுக்கலாம்?

பதில்: ஆளுக்கொன்று சொல்கிறார்கள் சரி, அம்மா என்ன சொன்னார் என்று எழுதவே இல்லையே, கேட்டீர்களா? நீங்கள் காலையில் போனால் இரவில்தான் வருவீர்கள், பிள்ளைகள் பாதி நாள் பள்ளியில், ஆனால் நாள் முழுக்க அந்தச் சுவர்களுக்குள் இருக்கப்போவது அவர்தான். அதனால் அவரையும் கூட்டிக்கொண்டு இரண்டு வீட்டையும் பிற்பகல் 3 மணிக்குப் போய்ப் பாருங்கள். மேற்குப் பக்கச் சுவர் பிற்பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவிலும் அனலடிக்கும், கடைசி மாடி என்றால் கூரைச் சூடும் சேர்ந்துகொள்ளும். காலை 10 மணிக்கு இது எதுவும் தெரியாது. (வீடு காட்டுபவர்கள் பெரும்பாலும் காலையிலேயே வரச்சொல்வது ஏனோ!)

அடுத்தது தண்ணீர். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீர் என்றால், தொட்டிக்கும் குழாய்க்கும் நடுவே 10 மீட்டர் உயரம் இருந்தால்தான் சுமார் 1 பார் (bar, அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் கிடைக்கும். தொட்டிக்கு நேர் கீழே இருக்கிற மாடிக்கு அதில் பாதிகூடத் தேறாது, அழுத்தம் கூட்டும் பம்ப் போட்டிருந்தால் ஒழிய ஷவர் சொட்டிக்கொண்டுதான் இருக்கும். போனதும் எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டுப் பாருங்கள், கூச்சப்படாதீர்கள்.

லிஃப்ட் எத்தனை, கரண்ட் போனால் ஜெனரேட்டரில் ஓடுமா, ஸ்ட்ரெச்சர் நீட்டிப் படுக்கவைக்க இடம் இருக்கிறதா என்பதை வாட்ச்மேனிடம் கேளுங்கள், உரிமையாளரைவிட அவர் உள்ளதைச் சொல்வார். தீ விபத்தின்போது லிஃப்டைத் தொடக்கூடாது, படிக்கட்டுதான் வழி. 12 மாடியை அம்மா இறங்க வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள், அந்தப் படிக்கட்டில் சைக்கிளும் பழைய மெத்தையும் அடைத்துக் கிடக்கிறதா என்றும் ஒரு நடை ஏறிப் பார்த்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால் 2ஆவது மாடிதான். தினமும் போக வர ஒன்றரை மணி நேரம் உங்கள் தலையில் விழும், அது சின்ன விஷயம் இல்லை, ஆனால் அம்மா நினைத்த நேரத்தில் கீழே இறங்கி நாலு பேரோடு பேசிவிட்டு வருவார். ஒரே நிபந்தனை, பிள்ளைகளின் பள்ளியும் அந்த வீட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பள்ளி உங்கள் அலுவலகப் பக்கம் அமைந்தால் கணக்கே மாறிவிடும்.

கேள்வி: பிளாட்டுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, அதற்குள் என் 6 வயது மகன் ஓடுகிறான் என்று கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார். குழந்தையைக் கட்டியா போடமுடியும்?

பதில்: கட்டிப் போட வேண்டாம், தரையைக் கவனியுங்கள். பேச்சும் டிவியும் காற்று வழியாகப் போகும் சத்தம். ஓடுவதும் நாற்காலி இழுப்பதும் தரையை நேராக அதிரவைக்கும், அது கான்கிரீட் வழியாகவே இறங்கும். கீழே இருப்பவர் தன் கூரையில் எதை ஒட்டினாலும் முழுதாக அடங்காது, மேலேயே தடுத்தால்தான் உண்டு. அவன் அதிகம் ஓடும் இடத்தில் தடிமனான விரிப்பு, நாற்காலிக் கால்களுக்கு அடியில் ஃபெல்ட் (கம்பளி மாதிரி தடித்த துணி) ஒட்டு, இரண்டும் போதும். போட்டுவிட்டுக் கீழே போய் "இப்போது எப்படிங்க இருக்கிறது?" என்று நீங்களே கேளுங்கள், பாதிச் சண்டை அங்கேயே தீரும்.

கேள்வி: 2 வயதுக் குழந்தை இருக்கிறது. பால்கனிக் கம்பி என் இடுப்புக்கு மேல் வருகிறது. போதாதா?

பதில்: உயரம் மட்டும் போதாது. கம்பிகளுக்கு நடுவே 10 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் குழந்தை நுழைந்துவிடும். குறுக்குக் கம்பிகள் என்றால் ஏணி மாதிரி ஏறிவிடும், அவற்றுக்கு உள்பக்கம் பிடிப்பில்லாத தகடு அடித்துவிடுங்கள். ஸ்டூல், பூந்தொட்டி, கவிழ்த்து வைத்த வாளி எதுவும் பால்கனியில் வேண்டாம், கட்டிலை ஜன்னலை ஒட்டிப் போடவும் வேண்டாம். கொசுவலை பூச்சியைத்தான் தடுக்கும், குழந்தை சாய்ந்தால் தாங்காது.

கேள்வி: ஃபிரிட்ஜைப் படுக்கவைத்துத்தான் லாரியில் கொண்டுவந்தார்கள். உடனே போடலாமா?

பதில்: வேண்டாம். கம்ப்ரஸரில் இருக்கும் எண்ணெய் குழாய்களுக்குள் போயிருக்கும், அது திரும்பி வரவேண்டும். நிமிர்த்தி வைத்து ஒரு நாள் விட்டுவிட்டுப் போடுங்கள்.