ஊசியைக் கண்டால் மயக்கம்: பயமா, போபியாவா?

கேள்வி: எனக்கு வயது 36. ஊசி என்றாலே ஆகாது. ரத்தம் எடுக்க உட்கார்ந்தால் காது அடைத்துக் கண் இருட்டிவிடும். இரண்டு முறை மயங்கி விழுந்திருக்கிறேன். தைராய்டு பரிசோதனையை இரண்டு வருடமாகத் தள்ளிப்போடுகிறேன். மகளைத் தடுப்பூசிக்குக்கூட அவள் அப்பாதான் கூட்டிப்போகிறார். “ஊசிக்குப் பயப்படாதவர் யார்? மூச்சை இழுத்துவிட்டு உடம்பைத் தளர்த்திக்கொள்” என்கிறார்கள் வீட்டில். அப்படிச் செய்தும் மயங்கினேன். இது சாதாரண பயம்தானா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: வீட்டார் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் உடம்பைத் தளர்த்துவது உங்களுக்கு ஒத்துவராது. நீங்கள் செய்ய வேண்டியது அதற்கு நேர் எதிரான வேலை. அதற்கு முன் உங்கள் கேள்விக்கு வருவோம்.

பயம் எவ்வளவு பெரியது என்பதை வைத்து மட்டும் போபியாவைத் தீர்மானிப்பதில்லை. ஊசிக்குப் பயப்படும் பெரும்பாலோர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கையை நீட்டிவிடுவார்கள். வெளியே வந்ததும் மறந்தும்விடுவார்கள். போபியாவில் ஊசியைக் கண்டதும் ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் அதே பயம் கிளம்பும். உண்மையான ஆபத்துக்கும் அந்தப் பயத்தின் அளவுக்கும் பொருத்தமே இருக்காது. அதைவிட முக்கியம், அந்தப் பயத்துக்காக எதையெல்லாம் விட்டுக்கொடுக்கிறோம் என்பது. பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் இது நீடித்து, வாழ்க்கையில் தேவையான ஒன்றைத் தடுத்தால் மருத்துவர்கள் அதைப் போபியா என்பார்கள். இரண்டு வருடம் தள்ளிப்போன பரிசோதனையும் மகளோடு போக முடியாததும் அதைத்தான் சொல்கின்றன. இதை உறுதிசெய்ய வேண்டியவர் நேரில் பார்க்கும் மருத்துவரோ உளவியலாளரோதான். ஆனால் இது கோழைத்தனம் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடலாம். சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும் கோளாறு இது.

தள்ளிப்போடத் தள்ளிப்போடப் பயம் ஏன் வளர்கிறது? பரிசோதனை வேண்டாம் என்று முடிவு செய்த அந்த நொடியில் ‘அப்பாடா’ என்று ஒரு நிம்மதி வருகிறது அல்லவா, அதுதான் பயத்துக்குத் தீனி. விலகியதால்தான் தப்பித்தோம் என்று மூளை குறித்துவைத்துக்கொள்கிறது. போயிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பு அதற்குக் கிடைப்பதே இல்லை.

இனி மயக்கத்துக்கு வருவோம். நாய், உயரம், மூடிய அறை என்று மற்றவற்றுக்குப் பயப்படுபவர்களுக்கு இதயம் படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும். மயங்கிவிடுவோமோ என்று தோன்றினாலும் மயங்குவது அபூர்வம். ரத்தம், ஊசி, காயம் சார்ந்த போபியாவில் மட்டும் உடம்பு பலருக்கு வேறு மாதிரி நடந்துகொள்கிறது. முதலில் நாடித்துடிப்பும் அழுத்தமும் சற்று ஏறும். பிறகு இரண்டும் சட்டென்று சரியும். மூளைக்குப் போகும் ரத்தம் குறையும். காது அடைப்பது, கண் இருட்டுவது, குளிர்ந்த வியர்வை எல்லாம் அந்தச் சரிவின் அறிகுறிகள். அழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் தசைகளைத் தளர்த்தினால் அது இன்னும் இறங்க வழிவிட்டதாகிவிடும்.

ஆகவே தசையை இறுக்க வேண்டும். ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரன் ஓஸ்ட் 1980களில் வகுத்த பயிற்சி இது. நாற்காலியில் உட்கார்ந்து கை, கால், வயிறு, மார்புத் தசைகளை ஒரே நேரத்தில் இறுக்குங்கள். 10 முதல் 15 நொடிக்குள் முகத்தில் ஒரு சூடு பரவும். அழுத்தம் ஏறுவதற்கு அதுதான் அடையாளம். பிறகு இறுக்கத்தை விட்டு 20 முதல் 30 நொடி சாதாரணமாக இருங்கள். துவண்டு சாய வேண்டாம். இப்படி ஐந்து முறை செய்தால் ஒரு சுற்று. நாளுக்கு ஐந்து சுற்று, ஒரு வாரம். பலர் இறுக்கும்போது மூச்சையும் அடக்கிவிடுகிறார்கள். அதனால் தலைசுற்றல் கூடும், மூச்சு ஓடிக்கொண்டே இருக்கட்டும். தலைவலி வந்தால் இறுக்கம் அதிகம் என்று பொருள், பாதியாகக் குறையுங்கள். கர்ப்பம், உயர் ரத்த அழுத்தம், இதயக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. ஊசியே இல்லாத நேரத்திலும் மயக்கம் வந்திருந்தால் அதற்குத் தனியாகப் பரிசோதனை வேண்டும்.

இரண்டாவது வாரத்திலிருந்து ஊசியைப் படிப்படியாக நெருங்குங்கள். முதலில் ஊசியின் படம். அடுத்து ரத்தம் எடுக்கும் வீடியோ. பிறகு முனையில்லாத சிரிஞ்சைக் கையில் வைத்திருப்பது, மேல்கையில் ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பு எடுத்து நிற்பதை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு அவிழ்ப்பது, கடைசியாக லேபில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு ரத்தம் எடுப்பதைப் பார்ப்பது. ஒவ்வொரு படியிலும் பயத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடுங்கள். எட்டில் இருக்கும்போது எழுந்து ஓடாதீர்கள். அது நான்கு அளவுக்கு இறங்கும்வரை இருங்கள். கண் இருட்டுவதுபோல் பட்டால் தசையை இறுக்குங்கள், அப்படியும் போதாவிட்டால் படுத்துவிடுங்கள். அதே படியை மறுநாளும் செய்யுங்கள். பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான்: உச்சத்தில் எழுந்துவிடுவது, திரையைப் பார்க்காமல் சுவரைப் பார்ப்பது, ஒரு படி முடித்துப் பத்து நாள் விட்டுவிடுவது. பதற்றத்துக்கு மாத்திரை போட்டுக்கொண்டு படி ஏறுவதும் வேண்டாம். மாத்திரையால்தான் தப்பித்தேன் என்று மூளை கணக்கு எழுதிவிடும். மூன்று நான்கு வாரத்தில் நகரவில்லை என்றால் இந்த முறையில் பழகிய உளவியலாளரிடம் போங்கள். ஒரே நாளில் மூன்று மணி நேரம் வரை உட்காரவைத்து முடிக்கும் சிகிச்சையும் உண்டு.

மகளுக்காகவும் இதைச் செய்வது நல்லது. குழந்தைகள் பெரியவர்களின் முகத்தைப் பார்த்தும் பயத்தைக் கற்றுக்கொள்கிறார்கள். மேலும், இந்த வகை மயக்கம் குடும்பங்களில் தொடர்வதும் அதிகம்.

தைராய்டு பரிசோதனைக்கு நாள் குறிக்கும்போது, “எனக்கு முன்பு மயக்கம் வந்திருக்கிறது, படுக்கவைத்து எடுங்கள்” என்று லேப் ஊழியரிடம் முதலிலேயே சொல்லுங்கள். அவர்களுக்கு இது பழகிய விஷயம். மரத்துப்போகும் லிடோகேய்ன் க்ரீமை மருத்துவர் எழுதித் தந்தால், குத்தும் இடத்தில் ஒரு மணி நேரம் முன்பே தடவ வேண்டும். பஞ்சில் ஸ்பிரிட் வாசனை வந்ததுமே கால், வயிறு, மற்றக் கை மூன்றையும் இறுக்கத் தொடங்குங்கள். ஊசி ஏறும் கை மட்டும் தொளதொளவென்று இருக்கட்டும். அதையும் இறுக்கினால் வலி கூடும், நரம்பு கிடைக்காது. எடுத்து முடித்ததும் உடனே எழுந்திருக்காதீர்கள். பத்து நிமிடம் படுத்திருந்து, பிறகு உட்கார்ந்து, இன்னொரு முறை இறுக்கிவிட்டு எழுந்திருங்கள்.