ஸ்பாரிங் பழகினால் நிஜத் தாக்குதலைச் சமாளிக்க முடியுமா?

ஸ்பாரிங் என்றால் இருவர் விதிகளுக்கு உட்பட்டு, அடியின் வேகத்தை அடக்கி மோதிப் பழகுவது. கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கம் அடிமுறை என்ற தற்காப்புக் கலையைக் கற்பவர்களுக்கும் இந்தச் சந்தேகம் வரும்.

கண்டிப்பாக உதவும், ஆனால் ஓரளவுதான். தனியாகச் சுவடு, அதாவது காலடி வைக்கும் முறை, பழகும்போது எதிரே ஆள் இல்லை. ஸ்பாரிங்கில் இருக்கிறான், சொன்னபடி நிற்கவும் மாட்டான். முகத்துக்கு நேரே கை வரும்போது கண்ணை இறுக மூடிக்கொள்வதும் மூச்சை அடக்குவதும் உடம்பின் இயல்பு. அதை மாற்ற, அடி வாங்கிப் பழகுவதைத் தவிர எனக்குத் தெரிந்து வேறு வழியில்லை.

தெருவில் கத்தி இருக்கலாம், இன்னொருவன் பின்னால் வரலாம். குளத்தில் நீந்தியவர் ஆற்று வெள்ளத்தில் இறங்குவது போலத்தான். நீச்சல் கைகொடுக்கும், சுழல் புதிது. அதனால் சுவரோரம் மாட்டிக்கொண்டு விடுபடுவதையும் ஆசானிடம் கேட்டுப் பழகுங்கள்.

அப்புறம், ஸ்பாரிங் தெரிந்தவர் நின்று அடித்தே ஆகவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, வழி கிடைத்ததும் ஓடிவிடுவதும் தற்காப்புதான்.